சமூக ஊடகச் செய்தியும் இஸ்னாது மரபும்: குமரி மாவட்டத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

2017 நவம்பர் 30ஆம் நாள் குமரி மாவட்டத்தைத் தாக்கிய ஒக்கிப் புயல் கரையில் சாய்த்த ரப்பர் மரங்களையும் வாழைத் தோட்டங்களையும் அதிகாரிகளால் எண்ணிக் கணக்கிட முடிந்தது. கடலுக்குள் என்ன நடந்தது என்பதை அவ்வாறு எண்ண இயலவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, நீரோடி முதலிய ஊர்களின் மீனவர்கள் ஆழ்கடல் தொழிலுக்குப் பேர்பெற்றவர்கள். வாரக்கணக்கில் கடலில் தங்கி, இலட்சத்தீவுக்கும் அப்பால் சென்று சுறாவும் சூரையும் பிடிப்பவர்கள். புயலெச்சரிக்கை வெளியானபோது அவர்களுட் பலர் ஏற்கெனவே நெடுந்தொலைவு சென்றுவிட்டிருந்தனர். படகுகளிலிருந்த வயர்லெஸ் கருவி அத்தொலைவை எட்டாது. கைப்பேசிக்கு அங்கே அலைவரிசையே கிடையாது.

தமிழகத் தொலைக்காட்சிகளின் கவனம் அந்நாள்களில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலின்மேல் குவிந்திருந்தது. கடற்கரைக் குடும்பங்களோ கைப்பேசித் திரையில் வந்து விழும் செய்திகளையே நம்பியிருந்தன. ஏதோ ஒரு துறைமுகத்தில் ஒதுங்கிய படகின் படம், பெயர் தெரியாத ஒருவரின் குரல்பதிவு, வேறெங்கோ எடுக்கப்பட்ட பேரலைக் காட்சி என எல்லாம் ஒரே வரிசையில், ஒரே எழுத்தளவில் வந்தன. டிசம்பர் தொடக்கத்தில் மகாராட்டிர முதலமைச்சர் தேவேந்திர பட்னவிஸ், 952 மீனவர்களுடன் 68 படகுகள் சிந்துதுர்க் கரையை அடைந்துள்ளதாகத் தமது ட்விட்டர் பக்கத்தில் அறிவித்தார். சொன்னவர் யார் என்று தெரிந்திருந்ததனால் அச்செய்தி உடனே நம்பப்பட்டது. அப்படகுகளிற் பெரும்பாலானவை கேரளப் பதிவெண் கொண்டவை. கொச்சியைத் தளமாகக் கொண்டு தொழில் செய்யும் குமரி மீனவர்கள் அத்தகைய படகுகளிற் செல்வது வழக்கமாதலால், யார் வந்தார், யார் வரவில்லை என்பது அந்த எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் விளங்கவில்லை.

அரசின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது. அதற்கு மாற்றாக நின்றவை ஊர்களில் பங்கு ஆலயங்களை மையமாகக் கொண்டு தொகுக்கப்பட்ட பெயர்ப் பட்டியல்கள். இன்ன படகு, இன்ன வீட்டார், கடைசியாகப் பேசியது இன்ன நாள் என்று அறிந்தவர்களே சொல்ல, அறிந்தவர்களே எழுதியவை அவை. டிசம்பர் 7ஆம் நாள் குழித்துறை ரயில் நிலையத்தை ஆயிரக்கணக்கான மீனவ மக்கள் முற்றுகையிட்டபோது அவர்கள் கையில் பெயர்கள் இருந்தன. அந்தப் போராட்டக் காட்சிகளை நாடெங்கும் கொண்டு சேர்த்ததில் சமூக ஊடகத்தின் பங்கு பெரிது. அதை மறுப்பது நன்றியின்மையாகும். ஆயினும் வாட்ஸ்அப்பில் பரவிய தகவலுக்கும் ஊர்ப் பட்டியலில் இருந்த தகவலுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. இரண்டாவதற்கு ஒவ்வொரு வரியிலும் பொறுப்பேற்கும் ஓர் ஆள் இருந்தார். இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது இந்த வேறுபாட்டையே.

வதந்தி என்பது கைப்பேசியோடு பிறந்ததன்று. 1982 மார்ச் 1ஆம் நாள் மண்டைக்காட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச்சூட்டில் ஆறு பேர் மாண்டனர். அதற்கு முன்னும் பின்னும் கடற்கரைக் கிறித்தவர்களுக்கும் உள்நாட்டு இந்துக்களுக்குமிடையே பகையை மூட்டிய கதைகள் வாய்மொழியாகவே பரவின. நீதிபதி வேணுகோபால் ஆணையம் பின்னர் விசாரித்தது. குன்றக்குடி அடிகளார் ஊரூராகச் சென்று அமைதிப் பணியாற்றினார். அவர் நேரில் சென்றமையே அங்குப் பயனளித்தது என்பது நம் கருத்து. வாய்ச்சொல்லால் வந்த கேட்டுக்கு முகம் தெரிந்த ஒருவரின் வாய்ச்சொல்லே மாற்றாயிற்று.

அரசாங்கமே வதந்திக்கு ஆட்பட்டதும் உண்டு. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் சிதைத்துப்போட்ட நான்காம் நாள், டிசம்பர் 30 அன்று, மீண்டும் ஒரு பேரலை வரக்கூடும் என்று இந்திய உள்துறை அமைச்சகம் எச்சரித்தது. கரையோர மக்கள் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினர். அந்த எச்சரிக்கைக்கு ஆதாரம் அமெரிக்கத் தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பு மட்டுமே என்று பின்னர்த் தெரிந்தது. அன்றைய அறிவியல் அமைச்சர் கபில் சிபல் அதை வெளிப்படையாகவே புறந்தள்ளினார். ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல்தான் செயற்படத் தொடங்கியது.

இத்தகைய அச்சச் செய்திகளைப் பற்றி அல்குர்ஆன் பேசாமல் இல்லை. பாதுகாப்பையோ அச்சத்தையோ தொட்ட ஒரு செய்தி கிட்டியதும் அதைப் பரப்பிவிடுவோரைச் சூரா அந்நிஸாவின் 83ஆம் வசனம் கண்டிக்கிறது. அதனை ஆராய்ந்தறியும் தகுதியுடையோரிடம் கொண்டு செல்லும்படி வழிகாட்டுகிறது. சூரா அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கிறது. பனூ முஸ்தலிக் கோத்திரத்தாரிடம் ஸகாத் பெற அனுப்பப்பட்டவர் இடைவழியில் திரும்பி, அவர்கள் கொடுக்க மறுத்ததாகச் சொன்ன நிகழ்ச்சியை இதன் பின்னணியாகத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். அந்த ஒரு சொல்லை நம்பியிருந்தால் நிரபராதியான ஒரு கோத்திரத்தின்மேல் படை சென்றிருக்கும்.

இந்தக் கட்டளையின் அடியொற்றியே நம் முன்னோர் இஸ்னாது என்னும் அறிவிப்பாளர் தொடரை ஒரு கலையாக வளர்த்தனர். அதன் பிறப்பு அமைதியான காலத்தில் நிகழவில்லை. கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களின் படுகொலைக்குப் பிந்திய பிளவுகளில் ஒவ்வோர் அணியும் தனக்குச் சாதகமான செய்திகளை உலவவிட்டது. ஃபித்னாவுக்குப் பிறகே மக்கள் அறிவிப்பாளர்களின் பெயர்களைக் கேட்கத் தொடங்கினர் என்னும் கருத்தை இப்னு ஸீரீன் (ரஹ்) அவர்களின் கூற்றாக இமாம் முஸ்லிம் (ரஹ்) தமது ஸஹீஹின் முன்னுரையில் பதிவு செய்துள்ளார். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்லித் திரிவதையும் பொய்யுரைத்தலின் வகையிற் சேர்க்கும் நபிமொழியை அவர் அதே முன்னுரையில் இடம்பெறச் செய்திருப்பது கவனத்துக்குரியது. தவறான செய்தியைப் படைத்தவர் மட்டுமல்லர், கைமாற்றியவரும் விசாரணைக்கு உரியவர் என்பது ஹதீஸ் கலையின் தொடக்கநிலைப் பாடம்.

இதனாற்றான் ஒவ்வோர் அறிவிப்பாளரும் தம் பெயரைத் தொடருக்குள் வைக்கிறார். அவர் பிறந்த ஊர், யாரிடம் பயின்றார், நினைவாற்றல் எத்தகையது, முதுமையில் குழம்பினாரா என்பனவெல்லாம் பின்வந்தோரால் ஆராயப்பட்டன. தொடரில் ஒருவர் விடுபட்டால் அது முன்கதிஃ. ஒருவர் யாரென்றே தெரியாவிட்டால் மஜ்ஹூல். தமக்குச் சொன்னவரை மறைத்து மேலே உள்ளவரிடமிருந்து நேரே கேட்டதுபோலத் தோன்றச் செய்தால் தத்லீஸ். செய்தியின் வாசகம் எவ்வளவு அழகாயிருந்தாலும் இக்குறைகளுக்கு அது ஈடாகாது.

அச்சு ஊடகமும் தனக்கேற்ற ஓர் இஸ்னாதை வைத்திருந்தது எனலாம். நாளிதழின் கடைசிப் பக்கத்தின் அடியில், யாரும் படிக்காத சிறிய எழுத்தில், அச்சிட்டவர், வெளியிடுபவர், ஆசிரியர் ஆகியோரின் பெயர்கள் இருக்கும். 1867ஆம் ஆண்டின் அச்சக, நூற்பதிவுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. அந்த ஒரு வரியின் கனத்தை உணர நாம் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. குமரி மண் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில், 1905இல், வக்கம் அப்துல் காதர் மௌலவி ‘சுதேசாபிமானி’ இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த இராமகிருஷ்ண பிள்ளை அதன் ஆசிரியரானார். ஒரு முஸ்லிம் அறிஞர் தம் பொருளைச் செலவிட்டு நடத்திய ஏட்டில், ஓர் இந்து ஆசிரியர் திவானின் ஆட்சியைத் தம் பெயரில் கடுமையாக விமர்சித்தார். 1910 செப்டம்பர் 26இல் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. பிள்ளை ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கு நாடுகடத்தப்பட்டார். 1916இல் கண்ணூரில் இறக்கும்வரை தாய்மண்ணுக்குத் திரும்பவில்லை. எழுதியவரும் வெளியிட்டவரும் சொல்லுக்கு விலை கொடுத்தனர். இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பேருந்தில் கடப்பவருள் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கதை.

வாட்ஸ்அப் இந்த இரு மரபுகளுக்கும் நேரெதிரான ஒன்றைப் பழக்கியிருக்கிறது. ஒரு செய்தியை முன்னனுப்பும்போது, அதை எழுதியவரின் பெயரோ, நமக்கு அனுப்பியவரின் பெயரோ அதனுடன் செல்வதில்லை. 2018 ஜூலையில் அந்நிறுவனம் முன்னனுப்பப்பட்ட செய்திகளின் மேல் ஓர் அடையாளம் இடத் தொடங்கியது. அதன் பொருள் என்ன? இது அனுப்பியவரின் சொந்தச் சொல் அன்று என்பது மட்டுமே. யாருடைய சொல் என்பது அதில் இல்லை. ஹதீஸ் கலையின் மொழியில் கூறினால், தொடர் முழுவதும் மஜ்ஹூல் என்று முத்திரையிட்டுச் செய்தியை மட்டும் கையில் கொடுப்பது இது. மேலும், அந்த முத்திரை அனுப்புவோருக்கு ஒரு விலக்கையும் தந்துவிட்டது. ‘வந்தது, அனுப்பினேன்’ என்ற விடை நம்மிடையே ஒழுக்கமான விடையாகவே கருதப்படுகிறது. இஸ்னாது மரபில் அதே விடை ஓர் அறிவிப்பாளரைத் தள்ளிவிடப் போதுமானது.

விளைவுகளை நாடு கண்டது. 2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தார் ரமளானுக்குப் பின் தாக்கப்படுவர் என்ற குறுஞ்செய்தி பரவி, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் ரயிலேறினர். தாக்கப்போவோராகச் சித்திரிக்கப்பட்டவர்கள் முஸ்லிம்கள். நாளொன்றுக்கு ஐந்துக்கு மேல் மொத்தக் குறுஞ்செய்தி கூடாது என்று அரசு அப்போது தற்காலிகத் தடை விதித்தது. ஆறாண்டுகளுக்குப் பின் வாட்ஸ்அப் நிறுவனமும் இந்தியாவில் முன்னனுப்புதலுக்கு அதே ஐந்து என்னும் எண்ணையே எல்லையாக வைத்தது விந்தையான ஒற்றுமை. இடைப்பட்ட காலத்தில் உயிர்கள் போயின. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த முதிய பெண்மணி ஒருவர் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். அதே வாரம் பழவேற்காட்டில் ஓர் ஆண். ஜூலை முதல் நாள் மகாராட்டிரத்தின் தூளே மாவட்டத்தில் ஐவர். அந்த அச்சத்தை வளர்த்த காணொளிகளுள் ஒன்று கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட நடிப்புப் படம். கடத்தப்பட்ட குழந்தை திருப்பி விடப்படும் இறுதிப் பகுதியும் அறிவுரையும் வெட்டப்பட்டிருந்தன. காட்சி உண்மையாகவே படமாக்கப்பட்டதுதான். வெட்டப்பட்டது அதன் ஸனது.

குமரி மாவட்டம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 92 விழுக்காட்டு எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்றது. எழுத்தறிவு இந்நோய்க்குத் தடுப்பு என்று நம்புவோர் சற்று யோசிக்க வேண்டும். படிக்கத் தெரிந்தவரே முன்னனுப்புகிறார். அதே கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் இந்துக்களும் கிறித்தவர்களும் ஏறக்குறையச் சம அளவினர்; முஸ்லிம்கள் நூற்றுக்கு நால்வர். திட்டுவிளையிலும் தக்கலையிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் அண்டைவீட்டாரின் நல்லெண்ணத்தில் வாழும் இச்சிறுதொகையினருக்கு ஒரு பொய்ச்செய்தி என்ன செய்யும் என்பதை 2020 காட்டியது.

அவ்வாண்டு மார்ச் இறுதியில் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடிய தப்லீக் ஜமாஅத்தினரிடையே கொரோனா தொற்றுக் கண்டறியப்பட்டதும், நோயை ஜிஹாதாகச் சித்திரிக்கும் குறிச்சொல் ட்விட்டரை நிறைத்தது. போஹ்ரா சமூகத்தார் உணவு வீணாகாதிருக்கத் தட்டுகளை வழித்து உண்ணும் பழைய காணொளி, எச்சிலால் கிருமி பரப்பும் காட்சியாக உலவியது. தமிழகச் சுகாதாரத் துறை ஏப்ரலில் தன் தினசரி அறிக்கைகளில் மாநாட்டின் பெயரை விடுத்து, ஒரே மூலத்திலிருந்து பரவிய தொற்று என்று மட்டும் குறிப்பிடலாயிற்று. அது நல்ல முடிவு, ஆனால் அதற்குள் சொல் ஊரைச் சுற்றிவிட்டது. ஆகஸ்ட் 21இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு வெளிநாட்டுத் தப்லீகினர் மீதான வழக்குகளை நீக்கியபோது, அவர்கள் பலியாடுகளாக்கப்பட்டனர் என்ற கருத்தை வெளியிட்டது. கண்டனத்தை அச்சு, காட்சி ஊடகங்களை நோக்கியே எழுப்பியது. பிழை முழுவதையும் கைப்பேசியின் மேல் சுமத்துவோர் இதைக் கவனிக்க வேண்டும். பெயரும் முகவரியும் உள்ள நிறுவனங்களே அன்று பெயரற்ற செய்திகளின் ஒலிபெருக்கிகளாயின. தில்லியில் எழுபது இந்தியர்கள் மீதிருந்த பதினாறு வழக்குகளைத் தில்லி உயர்நீதிமன்றம் நீக்கியது 2025 ஜூலை 17இல். அவதூறு பரவச் சில மணிநேரம் போதுமாயிருந்தது. மறுப்புக்கு ஐந்தாண்டுகள் ஆயின.

நாம் பாதிக்கப்பட்டோர் என்பதனால் நம் கைகள் தூயவையாகிவிடா. மதீனாவில் நபியவர்களின் அடக்கத்தலக் காவலர் ஷெய்கு அஹ்மது கண்ட கனவு என்ற துண்டுப்பிரசுரத்தை நம்மில் மூத்தோர் அறிவர். படியெடுத்துப் பரப்பினால் செல்வம், புறக்கணித்தால் கேடு என்று அது மிரட்டும். 1880களிலேயே டச்சு அறிஞர் ஸ்நூக் ஹூர்க்ரோன்யே அதைப் பற்றி எழுதினார். ஷெய்கு இப்னு பாஸ் (ரஹ்) அதைப் பொய்யென மறுத்துத் தனிக் கட்டுரையே வரைந்தார். கல்லச்சில் தொடங்கி, கைப்பிரதி, ஒளிநகல் என வளர்ந்து, இப்போது அது வாட்ஸ்அப்பில் வாழ்கிறது. இதில் அறிவிப்பாளரின் பெயர் இருக்கிறதே எனலாம். பெயர் மட்டும் போதாது என்பதற்காகவே ரிஜால் கலை தோன்றியது. அந்த அஹ்மதை அறிந்தவர் யாருமிலர். இன்று யூடியூபில் முகம் காட்டி, பெயர் சொல்லி, மணிக்கணக்கில் பேசுவோருக்கும் இதுவே அளவுகோல். மக்களைக் கவர்வதற்காகக் கதை புனைந்த பள்ளிவாசல் கதைசொல்லிகளைப் பற்றி இப்னுல் ஜவ்ஸி (ரஹ்) ஒரு நூலே எழுத நேர்ந்தது. மக்களைக் குர்ஆனின் பக்கம் திருப்பும் நல்லெண்ணத்தில் சூராக்களின் சிறப்புப் பற்றி ஹதீஸ்களைப் புனைந்தோரும் இருந்தனர். முஹத்திஸ்கள் அந்த எண்ணத்தைப் பார்த்து அவர்களை மன்னிக்கவில்லை.

இஃப்க் என்னும் அவதூறு நிகழ்ச்சியை நாம் பெரும்பாலும் நயவஞ்சகரின் சூழ்ச்சியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களைப் பற்றிய அப்பேச்சை வாய்க்கு வாய் கடத்தியவர்களுள் உண்மையான நம்பிக்கையாளர்களும் இருந்தனர் என்பதையும், அவர்களுக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டதாக அறிவிப்புகள் உள்ளதையும் விரைந்து கடந்துவிடுகிறோம். சூரா அந்நூரின் அப்பகுதி, கேட்டவுடன் நல்லெண்ணம் கொள்ளாத முஃமின்களையே முதன்மையாக நோக்கிப் பேசுகிறது.

நம் நாட்டுச் சட்டமும் இப்பக்கம் மெல்ல நகர்ந்து வருகிறது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவொன்றை 2018இல் முகநூலில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், தாம் எழுதவில்லை, பகிர்ந்தது மட்டுமே என்றார். ஒரு செய்தியை முன்னனுப்புவது அதை ஏற்று வழிமொழிவதற்குச் சமம் என்று சென்னை உயர்நீதிமன்றம் கருதியது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அவருக்கு விலக்களிக்க மறுத்தது. கைமாற்றியவரைப் பொறுப்பாளியாக்கும் இக்கொள்கை நம் மரபுக்கு அந்நியமன்று.

ஆனால் அரசு மற்றொரு வழியையும் நாடுகிறது. 2018, 2019 ஆண்டுகளில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த வழக்கொன்றில், வாட்ஸ்அப் செய்தியின் முதல் அனுப்புநரைக் கண்டறிய இயலும் என்று சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி ஒரு முறையை முன்வைத்தார். 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்தித் தளங்கள் முதல் அனுப்புநரை அடையாளம் காட்ட வேண்டும் என்று விதித்தன. எவர் பேச்சையும் இடையில் எவரும் படிக்கவியலாத மறையாக்கத்தை இது உடைக்கும் எனக் கூறி, அந்நிறுவனம் அவ்வாண்டு மே மாதம் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது.

மேலோட்டமாகப் பார்த்தால் அரசு கேட்பதும் இஸ்னாதைத்தானே என்று தோன்றும். நாம் அவ்வாறு கருதவில்லை. ஹதீஸ் அறிவிப்பாளர் தம் பெயரைத் தாமே, அவையின் முன், விரும்பிச் சொன்னார். இங்கோ எல்லாருடைய தனிப்பேச்சும் என்றேனும் தோண்டி எடுக்கப்படுவதற்காகக் குறிவைக்கப்படும். செய்தியை விசாரிக்கச் சொன்ன அதே அல்ஹுஜுராத் சூரா, 12ஆம் வசனத்தில் துருவித் துருவி உளவு பார்ப்பதைத் தடுக்கிறது. ஆறு வசன இடைவெளியில் இவ்விரண்டும் அமைந்திருப்பதை நம் முகல்லா நிர்வாகிகளும் நினைவிற் கொள்வது நல்லது. ஐயத்துக்குரிய செய்தியை நிறுத்துவதற்காகப் பிள்ளைகளின் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் தலைதூக்குவதாக அறிகிறோம்.

செய்யக்கூடியது சிறியதே. இரு சாட்சிகளின் கையொப்பமின்றி எந்த ஜமாஅத்தும் நிக்காஹ் பதிவேட்டை மூடுவதில்லை. ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் மோதல், விபத்து, மரணம், நோய் பற்றிய செய்தியை இடுபவர், தமக்குச் சொன்னவரின் பெயரையும், அவர் நேரில் கண்டாரா கேட்டாரா என்பதையும் முதல் வரியில் எழுத வேண்டும் என விதிப்பது அதைவிடக் கடினமானதன்று. ஒக்கிப் புயலின்போது கடலோரப் பங்குகளில் இருந்த பெயர்ப் பட்டியலைப் போல, பக்கத்துப் பங்குத் தந்தையின் எண்ணும், கோயில் நிர்வாகியின் எண்ணும், காவல் நிலைய எண்ணும் ஒவ்வொரு பள்ளிவாசல் அலுவலகச் சுவரிலும் எழுதப்பட்டிருக்கலாம். தேங்காய்ப்பட்டணத்தில் ஏதோ நடந்தது என்று ஒரு குரல்பதிவு வரும் இரவில், அதை அடுத்தவருக்கு அனுப்பும் முன் அங்கே உள்ள ஒருவரை அழைத்துக் கேட்க அது உதவும்.